பழைய தாளும் பார்ச்மென்ட்டும்: ஏட்டைத் தொடுவதற்கு முன் அறையைச் சரிசெய்யுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான். உங்கள் பொறுப்பில் உள்ள நூலகத்தில் பழைய கடிதங்கள், கையெழுத்துப் பதிவேடுகள், அச்சு நூல்கள், கூடவே கொஞ்சம் பார்ச்மென்ட் (விலங்குத் தோலில் செய்த ஏடு) ஆவணங்களும் இருக்கின்றன. தாள்கள் பழுப்பேறி ஓரம் உதிர்கின்றன. பார்ச்மென்ட் சுருண்டு கிடக்கிறது. சில பக்கங்களில் எழுத்து இருந்த இடமே ஓட்டையாகிவிட்டது. லாமினேட் செய்துவிடலாமா, அமிலம் நீக்கும் மருந்து ஏதாவது அடிக்கலாமா, கையில் பணம் குறைவு என்பதால் எங்கிருந்து தொடங்குவது?

லாமினேட் செய்யாதீர்கள். இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் பேசலாம். பணம் குறைவு என்றால் அதை ஏடுகள் மேல் செலவழிக்க வேண்டாம், ஏடுகள் இருக்கும் அறையில் செலவழியுங்கள். ஒரு தாளைச் செப்பனிடும் நேரத்தில் ஆயிரம் தாள்களுக்கு நல்ல காற்றும் நல்ல பெட்டியும் கொடுத்துவிடலாம். செப்பனிட்ட தாளை மறுபடி அதே ஈர அறையில் வைத்தால் செய்த வேலையும் வீண்தான்.

எல்லாப் பழைய தாளும் ஒரே மாதிரி கெடுவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1500 வாக்கில் அச்சான நூலைத் திறந்தால் தாள் பெரும்பாலும் இன்னும் வெளுப்பாக, விரலுக்கு ஒரு முறுக்கோடு இருக்கும். 1900 வாக்கில் மலிவுத் தாளில் அச்சான நூலின் பக்க மூலையை இரண்டு தடவை மடித்தால் கையோடு வந்துவிடும். (மடித்துப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே மடிந்திருக்கும் மூலைகளைப் பார்த்தாலே தெரியும்.) முன்னது ஆளிநார், பருத்திக் கந்தைகளை ஊறவைத்து இடித்துச் செய்த தாள். இழைகள் நீளமானவை. மை ஊறிப் பரவாமல் இருக்க ஜெலட்டினில் தோய்த்தார்கள். 1807-ல் ஜெர்மனியில் மோரிட்ஸ் இல்லிக் என்பவர் மரப்பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலந்துவிடும் முறையை வெளியிட்டார். செலவும் நேரமும் மிச்சமானதால் ஆலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. படிகாரம் தாளில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். 1840-களில் ஃப்ரீட்ரிக் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதோடு மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளும் தாளுக்குள் வந்தது. வெயிலில் போட்ட செய்தித்தாள் மஞ்சளாவதற்குக் காரணம் இந்த லிக்னின்தான்.

தாளின் இழைகள் செல்லுலோஸால் ஆனவை. செல்லுலோஸ் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அமிலமும் ஈரமும் சேர்ந்து அதை நடுநடுவே அறுக்கின்றன. தாள் சிதையச் சிதையப் புதிதாக அமிலம் பிறக்கிறது. அதனால் சிதைவு வர வர வேகமெடுக்கும். உங்கள் நூலகத்தில் மிக அவசரமாகக் கவனிக்க வேண்டியது மிகப் பழைய நூல்களாக இருக்காது, ஏறக்குறைய 1850 முதல் 1980-கள் வரையிலான தாள்களாக இருக்கும். பழையதுதான் மதிப்புள்ளது என்று எல்லாக் கவனத்தையும் அதற்கே கொடுத்துவிடுகிறோம். அதற்குள் நூறு வயதுத் தாள் பக்கத்து அலமாரியில் தூளாகிறது.

இனி லாமினேஷன். இந்த யோசனை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1930-களில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம் பாரோ என்பவர் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் படலத்தை ஏட்டின் இருபுறமும் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டும் முறையை வளர்த்தெடுத்தார். அவர் அக்கறை இல்லாமல் செய்தவர் அல்லர். தாள் உதிர்வதற்கு அமிலமே முக்கியக் காரணம் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் அவர். முதலில் அமிலத்தை நீக்கிவிட்டே ஒட்ட வேண்டும் என்றும் சொன்னார். பல ஆவணக் காப்பகங்கள் முறையை எடுத்துக்கொண்டன, அமிலம் நீக்கும் படியைச் சில இடங்களில் விட்டுவிட்டன. இப்போது அந்தப் படலம் தானே சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. பெட்டியைத் திறந்தாலே புளித்த வாடை வரும். பிரிக்க வேண்டுமானால் அசிட்டோன் தொட்டியில் ஊறவைக்க வேண்டும். ஒட்டும்போது உருகி இழைக்குள் இறங்கியதை முழுதாக வெளியே எடுக்கவும் முடியாது. இன்று கடைகளில் அடையாள அட்டைக்குச் செய்து தரும் லாமினேஷன் இதைவிட மோசம்.

ஒட்டும் டேப்பும் அப்படித்தான். சாக்கடல் அருகே குகைகளில் 1947 முதல் கிடைத்த பழைய யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களின் துண்டுகளை 1950-களில் ஆய்வாளர்கள் செல்லோடேப்பால் இணைத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்தார்கள். டேப்பின் பசை தோலுக்குள் ஊறிக் கறுத்து, சில இடங்களில் எழுத்தையே மறைத்துவிட்டது. அந்தப் பசையைத் துணுக்குத் துணுக்காக எடுப்பதற்கென்றே 1991-ல் இஸ்ரேல் தொல்பொருள் துறை தனி ஆய்வகம் அமைத்தது. இரண்டாயிரம் ஆண்டு குகையில் தாங்கிய ஏடு, டேப்போடு சில பத்தாண்டுகளைத் தாங்கவில்லை. கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீஸின் நூலைச் சுரண்டிவிட்டு அதே பார்ச்மென்ட்டில் எழுதிய, அவர் எழுத்துகள் அடியில் மறைந்திருந்த ஜெபநூலும் இதற்கு ஒரு சாட்சி. 1998-ல் ஏலத்தில் விற்கப்பட்டு, பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தபோது அதன் முதுகில் யாரோ செயற்கைப் பசை பூசியிருந்தார்கள். பக்கங்களைப் பிரித்தெடுக்க மட்டும் அங்கிருந்த நிபுணர்களுக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின.

ஏட்டில் எதைச் செய்வதற்கு முன்னும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நாளை வேறொருவர் இதை அகற்ற நினைத்தால், எதைக் கொண்டு, ஏட்டுக்குச் சேதமில்லாமல் அகற்றுவார்? பதில் தெரியாவிட்டால் அந்தப் பொருள் ஏட்டின் மேல் படவே கூடாது.

சரி, அறைக்கு வருவோம். தாளுக்கு ஏற்ற வெப்பம் 20 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ. ஈரப்பதம் 35 முதல் 60 சதவீதம். பார்ச்மென்ட் இருக்கும் இடத்தில் 45, 50-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். இந்த எண்களைப் பார்த்துப் பயந்து குளிர்சாதனக் கருவி வாங்க ஓட வேண்டாம். பகலில் ஓட்டி இரவில் நிறுத்தும் குளிர்சாதனம், இல்லாததைவிடக் கெடுதல். தினமும் ஏறி இறங்கும் ஈரப்பதத்தில் தாளும் தோலும் விரிந்து சுருங்கி அலுத்துப்போகும். முதலில் வெப்பமும் ஈரமும் காட்டும் சின்ன அளவி ஒன்றை வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். காலை, மாலை குறித்து வாருங்கள். ஒரு மாதத்தில் அறையின் குணம் தெரிந்துவிடும். அப்புறம் செய்ய வேண்டியவை பெரும்பாலும் செலவில்லாதவை: அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைப்பது, கீழ்த்தட்டைத் தரையிலிருந்து உயர்த்துவது, தண்ணீர்க் குழாய் ஓடும் இடத்துக்குக் கீழே எதையும் வைக்காமலிருப்பது, கூரை ஒழுக்கை உடனே அடைப்பது. ஜன்னலுக்குத் திரை போடுங்கள். ஒளி செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸ் (ஒளியின் அளவு) மங்கல் வெளிச்சம் போதும், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும்.

பூச்சிகள் விஷயத்தில் மருந்தடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. வெள்ளிமீன் பூச்சி, கரப்பான், துளைக்கும் வண்டுகள் எல்லாமே ஈரத்தையும் தூசியையும் மாவுப் பசையையும் தேடித்தான் வருகின்றன. ஓரங்களில் ஒட்டுப்பொறி வைத்து எந்தப் பூச்சி, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். நூலுக்குள் உயிரோடு புழு இருந்தால் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை உட்பட அழிந்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க வெளியே இருந்து அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லையென்றால் ஏட்டின் மேல் ஈரம் படியும். பார்ச்மென்ட்டையும் மெழுகு முத்திரை உள்ளவற்றையும் இதில் போடாதீர்கள்.

பார்ச்மென்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். அதைத் தடித்த தாளாக நினைத்து நடத்துவதால்தான் பல ஆவணங்கள் பாழாகின்றன. அது கன்று, ஆடு, செம்மறி இவற்றின் தோல். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, விறைப்பாக இருக்கும்போதே சுரண்டிக் காயவிட்டது. செருப்புத் தோல்போல் பதனிட்டதல்ல. அந்த இழுவிசையில் காய்ந்ததால்தான் அது தட்டையாக நிற்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் கொலாஜன் என்ற தோல் புரத இழைகள் தங்கள் பழைய நிலைக்கு, அதாவது விலங்கின் உடம்பில் இருந்த வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். சுருண்ட பத்திரம் ஒன்றைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மயிர்ப்பக்கம் மஞ்சளாக, ஊசிமுனைப் புள்ளிகளாக மயிர்க்கால்கள் தெரியும். தசைப்பக்கம் வெளுப்பாக, மென்மையாக இருக்கும். பெரும்பாலும் மயிர்ப்பக்கம் உள்ளே போகும்படிதான் சுருளும்.

வெப்பம் பார்ச்மென்ட்டுக்கு எமன். 1731 அக்டோபரில் லண்டனில் ஆஷ்பர்ன்ஹாம் இல்லத்தில் தீப்பிடித்தபோது அங்கிருந்த, ராபர்ட் காட்டன் என்பவர் சேகரித்த காட்டன் நூலகச் சுவடிகள் பல சுருங்கிக் கட்டியாயின. பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் ஒரே கையெழுத்துப் பிரதியும் அதில் ஓரம் கருகியது. அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் கருகிய ஓரங்கள் ஒவ்வொரு புரட்டலிலும் உதிர்ந்தன. 1845-ல் ஒவ்வொரு ஏட்டையும் தாள் சட்டத்தில் பதித்த பிறகுதான் அது நின்றது. அந்தச் சட்டம் ஓரத்தில் சில எழுத்துகளை மறைக்கிறது, ஆனால் அது இல்லாவிட்டால் அந்த எழுத்துகளே இருந்திருக்காது. அதே சேகரிப்பில் இருந்த 1215-ஆம் ஆண்டு மேக்னா கார்ட்டா (இங்கிலாந்து அரசரின் உரிமைச் சாசனம்) மூலப்படி ஒன்றின் கதை நேர்மாறானது. தீயில் சேதமடைந்த அதை 1830-களில் சரிசெய்யப் போய் ஏறக்குறைய வாசிக்கவே முடியாததாக்கிவிட்டார்கள். பல அலைநீள ஒளியில் படமெடுக்கும் நவீன முறைதான் பிறகு எழுத்துகளை மீட்டது.

அதனால் சுருண்ட பார்ச்மென்ட்டை இஸ்திரி போடுவது, ஈரத்துணியால் துடைப்பது, கனமான புத்தகத்தின் அடியில் அழுத்திவைப்பது மூன்றும் வேண்டாம். முறையாகச் செய்பவர்கள் நீராவியை மட்டும் விட்டு நீரைத் தடுக்கும் மென்படலத்தின் வழியே மெதுவாக ஈரம் கொடுப்பார்கள். தோல் தளர்ந்ததும் ஓரம் முழுக்கக் கவ்விகளோ காந்தங்களோ வைத்து, தோல் காயக் காய இழுவையைச் சிறிது சிறிதாகச் சரிசெய்வார்கள். ஆலையில் சட்டத்தில் நடந்ததையே மிக மென்மையாகத் திரும்பச் செய்வதுதான் இது. அதற்கு முன் நுண்ணோக்கியில் மையைப் பார்த்து, உரியும் இடங்களில் நீர்த்த ஜெலட்டினோ மீன் பசையோ மிக நுண்ணிய தூரிகையால் தொட்டு நிறுத்த வேண்டும். பயிற்சி இல்லாமல் இதைத் தொடாதீர்கள். உங்களால் ஆவது, சுருளைச் சுருளாகவே அகலமான பெட்டியில், அமிலமற்ற தாளில் தளர்வாகப் பொதிந்து வைப்பது. விரிக்காமலிருந்தால் அது இன்னும் பல காலம் காத்திருக்கும்.

எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது என்றீர்களே, அது பூச்சி வேலை இல்லை. மாசிக்காயையும் அன்னபேதியையும் (இரும்பு சல்பேட்) சேர்த்து, வேலம்பிசின் விட்டுச் செய்த இரும்பு மையின் வேலை. ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பெரும்பாலான கையெழுத்து இந்த மையில்தான். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டுக் கறுக்கும், சுரண்டினாலும் முழுக்கப் போகாது. அதனால்தான் பத்திரங்களுக்கு விரும்பினார்கள். அன்னபேதி கூடிவிட்டால் இரண்டு கேடு: கந்தக அமிலம் தாளை அரிக்கும், மிஞ்சிய இரும்பு அயனிகள் செல்லுலோஸ் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்தைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். முதலில் எழுத்தைச் சுற்றி வெளிர்பழுப்பு வளையம் தெரியும். அடுத்து எழுத்து பின்பக்கம் பழுப்பாக ஊடுருவித் தெரியும். பிறகு கனமாக மை தேங்கிய இடங்களில், அடிக்கோட்டில், எழுத்தின் திருப்பத்தில், மயிரிழை விரிசல் விழும். கடைசியில் எழுத்து எழுத்தாகக் கீழே விழும். பார்ச்மென்ட்டில் இதே மை இவ்வளவு கொடுமை செய்வதில்லை. தோலில் தங்கிய சுண்ணாம்பு அமிலத்தை வாங்கிக்கொள்ளும். அங்கே மை உரிந்து உதிர்வதுதான் ஆபத்து.

இந்தப் பக்கங்களில் தண்ணீர் படவே கூடாது. ஈரமான மாவுப் பசை தடவிக் கிழிசலை ஒட்டினால் அந்த ஈரத்தில் இரும்பு அயனிகள் நகர்ந்து, இதுவரை நல்லபடி இருந்த தாளையும் அரிக்கத் தொடங்கும். இரும்பு அயனி நகர்கிறதா என்று காட்டும் சோதனைத் தாள் உண்டு, இருந்தால் இளஞ்சிவப்பாகும். 1990-களில் நெதர்லாந்தில் கால்சியம் ஃபைட்டேட் கரைசலில் குளிப்பாட்டும் முறையை உருவாக்கினார்கள். தானியங்களில் இயற்கையாக உள்ள பொருளிலிருந்து வந்த இது இரும்பைப் பிடித்து முடக்கிவிடும். பிறகு கால்சியம் பைகார்பனேட் குளியல் அமிலத்தை அடக்கும். நல்ல முறை, ஆனால் ஆய்வகத்தில் மட்டும். நீங்கள் செய்ய வேண்டியது: அப்படிப்பட்ட பக்கங்களை வளைக்காமல், இருபுறமும் அட்டை கொடுத்து, ஒவ்வொன்றாகத் தனி உறையில் வைப்பது. வாசகருக்கு மூலத்தைக் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

அமிலம் நீக்கும் தெளிப்பான் பற்றி. மக்னீசியம் ஆக்சைடு நுண்துகள்களை நீரற்ற திரவத்தில் கலந்து தெளிக்கும் முறை இருக்கிறது. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 1990-கள் முதல் இந்த வகை முறையில் லட்சக்கணக்கான நூல்களுக்குச் சிகிச்சை கொடுத்தது. இது அமிலத்தை அடக்கும், எதிர்கால அமிலத்துக்குக் காவலாகக் கொஞ்சம் காரத்தையும் தாளில் விட்டுவைக்கும். ஆனால் போன வலிமையைத் திருப்பித் தராது. ஏற்கெனவே நொறுங்கும் தாளுக்கு அடித்துப் பயனில்லை. இன்னும் வளையக்கூடிய, பி.எச் குறைந்த, அதாவது அமிலம் மிகுந்த அச்சு நூல்களுக்குத்தான் இது பலன் தரும். வண்ணம் தீட்டியவை, நிற மைகள், நீலப்படிகள் (புளூபிரின்ட்) காரம் பட்டால் நிறம் மாறலாம். பார்ச்மென்ட்டுக்கு இது தேவையே இல்லை.

உறை, பெட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அமிலமும் லிக்னினும் அற்ற, கால்சியம் கார்பனேட் கலந்த அட்டை நல்லது. இரும்புக் கவ்வி, ஊசி, ரப்பர் பட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த ஊசியை இழுக்காதீர்கள். தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பாலியஸ்டர் துண்டைச் செருகி, அதன்மேல் கம்பியை நிமிர்த்தி எடுங்கள். லாமினேட் செய்ய ஆசைப்பட்ட ஒற்றைத் தாள்களை, அதாவது வரைபடம், சுவரொட்டி போன்றவற்றை, இரண்டு பாலியஸ்டர் தகடுகளுக்கு நடுவே ஒட்டாமல் வைத்து ஓரத்தை மட்டும் மூடலாம். ஓரத்தை வெட்டினால் தாள் அப்படியே வெளியே வரும். கரி, பென்சில், உதிரும் மை உள்ளவற்றுக்கு இது ஆகாது, பாலியஸ்டரின் நிலைமின் துகளை இழுத்துவிடும்.

வெள்ளைத் துணிக் கையுறை படங்களில் அழகாக இருக்கும். தாளுக்கும் தோல் ஏட்டுக்கும் கழுவிக் காயவைத்த வெறும் கைதான் பாதுகாப்பு. கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி இல்லாமல் ஓரத்தைக் கிழித்துவிடுவீர்கள். புகைப்படங்களுக்கு மட்டும் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை போடுங்கள். பூஞ்சை இருந்தால் அதோடு சரியான முகக்கவசமும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டைகளில் ஆர்சனிக் இருக்க வாய்ப்புண்டு. அவற்றைத் தனிப் பையில் வையுங்கள்.

சிறு கிழிசல்களுக்கு, இரும்பு மை இல்லாத பக்கமாக இருந்தால், ஜப்பானியக் கோஸோ (ஒருவகை மரப்பட்டை நார்) தாளையும் கோதுமை ஸ்டார்ச் பசையையும் இன்றும் எதுவும் மிஞ்சவில்லை. தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடு இழுத்து அந்தக் கோட்டில் கிழிக்க வேண்டும். அப்போது ஓரத்தில் இழைகள் மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இழைகள்தான் கிழிசலின் இரண்டு கரையையும் மெல்லப் பிடிக்கின்றன. வெட்டிய ஓரம் நேராக நின்று, நாளடைவில் தாள் அந்த வரியிலேயே மடிந்து உடையும். பசை தண்ணீர்த் துளியில் இளகும், அதனால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மதிப்பில்லாத பழைய தாளில் நன்றாகப் பழகிவிட்டுத்தான் ஆவணத்தில் கை வையுங்கள்.

வெள்ளமோ குழாய் உடைப்போ நேர்ந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். 1966 நவம்பர் 4-ல் ஆர்னோ ஆறு பெருகி ஃப்ளோரன்ஸின் தேசிய மைய நூலகத்துக்குள் புகுந்தது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் சேற்றில் மூழ்கின. பல நாடுகளிலிருந்து நிபுணர்கள் போனார்கள். இன்றைய நூல் பாதுகாப்புத் துறை அங்கேதான் உருப்பெற்றது என்று தைரியமாகச் சொல்லலாம். அங்கே வேலை செய்த கிறிஸ்டஃபர் கிளார்க்சன் ஒன்றைக் கவனித்தார்: தடித்த பலகையும் நிறையப் பசையும் கொண்ட நூல்கட்டுகள் சிதைந்துபோன இடத்தில், பசையே அதிகம் இல்லாமல் மெல்லிய பார்ச்மென்ட் உறையில் தைத்த எளிய நூல்கள் நன்றாகத் தப்பியிருந்தன. நனைந்த தாளில் 48 மணி நேரத்தில் பூஞ்சை தொடங்கிவிடும். அதற்குள் காயவைக்க முடியாத எல்லாவற்றையும் உறையவைப்பதே வழி. உறைந்தால் நேரம் நின்றுவிடும், பிறகு வெற்றிடத்தில் உலர்த்தலாம். நனைந்த நூலை அங்கேயே திறக்க வேண்டாம், சேற்றைத் தேய்க்கவும் வேண்டாம். பார்ச்மென்ட்டையும் வழவழப்புத் தாளையும் முதலில் கவனியுங்கள். வழவழப்புத் தாள் ஈரத்தோடு அழுந்திக் காய்ந்தால் ஒரே பலகையாகிவிடும், பிரிக்க முடியாது. பக்கத்தில் பெரிய உறைபெட்டி (ஃப்ரீசர்) யாரிடம் இருக்கிறது, இரவில் யாரை எழுப்பலாம் என்ற இரண்டு விவரமும் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கட்டும்.

தொடங்கும் வரிசையைக் கேட்டீர்கள். முதலில் பூஞ்சை உள்ள பெட்டிகளைப் பிரித்து வேறு அறைக்கு மாற்றுங்கள். அளவியை வையுங்கள். தூசியை மென்தூரிகையாலும் நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சியாலும் எடுங்கள். தூசி ஈரத்தை இழுத்துப் பூஞ்சைக்கு உணவாகும் என்பதால் இது அழகுக்காகச் செய்யும் வேலை அல்ல. அடுத்து ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது, தாளா தோலா, மை எது, சேதம் எது என்று ஒரு வரியும் ஒரு படமும் பதிவு செய்யுங்கள். எண்ணிமப் படமெடுக்கும் வாய்ப்பு வந்தால் புகழ்பெற்ற நூல்களை விட்டுவிட்டு, மை அரித்து எழுத்து உதிரும் பதிவேடுகளிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த தடவை திறக்கும்போது அவற்றில் இருப்பது குறைந்திருக்கும். பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடும்போது இந்தப் பட்டியலையும் ஈரப்பதக் குறிப்பையும் கையில் கொடுங்கள். எந்த ஏட்டுக்கு எதைப் பூசப்போகிறார், அதை எப்படி அகற்றலாம் என்று எழுத்தில் வாங்கி, அந்தத் தாளை ஆவணத்தின் பெட்டியிலேயே போட்டுவையுங்கள்.